கம்பத்திலிருந்து வண்டன்மேட்டுக் கம்ப்யூட்டரின் சி டாலரைத் திறப்பது: முழுமையான வழிகாட்டி

கம்பத்தில் கடை, வண்டன்மேட்டில் ஏலக்காய் ஸ்டோர், புற்றடியிலும் போடியிலும் ஏலம். இப்படி மலைக்கு மேலும் கீழுமாகத் தொழில் நடத்துகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. அவர்களுடைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஒரு ஃபைலை எடுப்பதற்காகக் கம்பம்மெட்டு வளைவுகளில் மழையோடு ஏறி இறங்குவதை விட, இங்கே உட்கார்ந்தே அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கைத் திறந்துவிட்டால் பாதி நாள் மிச்சம். அதற்கு விண்டோஸ் தானே வைத்திருக்கும் வழிதான் சி டாலர்.

அது திறக்காதபோது என்ன செய்வது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. கட்டளைகளை உச்சரிப்பு தெரியும்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கறுப்பு ஜன்னலில், அதாவது கமாண்ட் ப்ராம்ப்டில், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

மறைந்திருப்பவை எவை

விண்டோஸ் கம்ப்யூட்டரில் நாம் எதையும் ஷேர் செய்யாவிட்டாலும் சில ஷேர்கள் தானாகவே இருக்கும். ஒவ்வொரு டிஸ்க் பகுதிக்கும் ஒன்று: சி$ (இதுதான் சி டாலர்), டி$ என்று. விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டுவது அட்மின்$. கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வாசல் ஐபிசி$. பெயரின் கடைசியில் டாலர் குறி இருந்தால் நெட்வொர்க் பட்டியலில் அது தெரியாது, அவ்வளவுதான். அந்தக் குறி பூட்டு இல்லை. பெயர் தெரிந்தவர் யாரும் தட்டிப் பார்க்கலாம். உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமைதான் முடிவு செய்கிறது. பென் டிரைவுக்கு இந்த ஷேர் வராது.

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது உங்களுக்குத் தேவையா? கணக்கு ஃபோல்டர் ஒன்றை இரண்டு பேர் தினமும் திறக்க வேண்டும் என்றால் அந்த ஃபோல்டரை மட்டும் சாதாரணமாக ஷேர் செய்து, அந்த இரண்டு பேருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். சி டாலர் என்பது வீட்டுச் சாவிக்கொத்து முழுவதும். பராமரிப்பு பார்க்கிறவர் கையில் மட்டும் இருக்க வேண்டியது. கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

எண்ணைக் கேளுங்கள்

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் முகவரியைத் தட்டி, வராவிட்டால் மறுபடி மறுபடி பாஸ்வேர்ட் போட்டுப் பார்ப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. அதில் ஒன்றும் தெரியாது. வெவ்வேறு காரணங்களுக்கும் பல நேரம் அதே பாஸ்வேர்ட் பெட்டிதான் திரும்பத் திரும்ப வரும். கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

நெட் யூஸ் \\192.168.10.25\சி$ /யூசர்:ஸ்டோர்\சப்போர்ட் *

192.168.10.25 என்பது எதிர்முனைக் கம்ப்யூட்டரின் ஐபி, அதாவது அதன் நெட்வொர்க் முகவரி. ஸ்டோர் என்பது அதன் பெயர், சப்போர்ட் என்பது அதிலுள்ள அட்மின் கணக்கு. கடைசியில் நட்சத்திரம் போட்டால் பாஸ்வேர்டைத் தனியாகக் கேட்கும். தட்டுவது திரையில் தெரியாது. கம்ப்யூட்டர் பெயரை முன்னால் சேர்ப்பது முக்கியம். அது இல்லாவிட்டால் உங்கள் பக்கத்துக் கணக்கு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

தோல்வி என்றால் 'சிஸ்டம் எரர்' என்று ஓர் எண்ணோடு பதில் வரும். அந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 53 என்றால் வழியே கிடைக்கவில்லை. 67 என்றால் கம்ப்யூட்டர் கிடைத்தது, அந்தப் பெயரில் ஷேர் இல்லை. 86, 1326 இரண்டும் பெயர் அல்லது பாஸ்வேர்ட் தவறு. 1219 என்றால் பழைய இணைப்பு குறுக்கே நிற்கிறது. 5 என்றால் அனுமதி மறுப்பு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எண்ணைப் பார்க்காமல் ஃபயர்வாலை அணைப்பதும், எல்லா ஃபோல்டருக்கும் 'எவ்ரிஒன்' அனுமதி கொடுப்பதும் நான் அடிக்கடி போய்ச் சுத்தம் செய்யும் குப்பைகள். 5 வரும் இடத்தில் ஃபயர்வாலை அணைத்து ஒரு பயனும் இல்லை. 5 என்ற பதிலே ஃபயர்வாலைத் தாண்டி வந்த பதில்தான்.

53 வந்தால்: வழியும் கதவும்

எதிர்முனைக் கம்ப்யூட்டர் ஓடுகிறதா, தூங்குகிறதா என்று முதலில் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மலையில் கரண்ட் போய் வந்த பிறகு ஐபி மாறியிருப்பதும் சகஜம். இதற்காகவே ஸ்டோர் கம்ப்யூட்டர்களுக்கு ரூட்டரில் நிலையான ஐபி ஒதுக்கி வைக்கிறேன்.

அப்புறம் விண்டோஸின் இன்னொரு கட்டளை ஜன்னலான பவர்ஷெல்லில் இது:

டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் 192.168.10.25 -போர்ட் 445

ஃபைல் ஷேரிங் நடப்பது டிசிபி 445 வாசலில். கடைசி வரியில் 'ட்ரூ' என்று வந்தால் கதவு திறந்திருக்கிறது. 'நெட் யூஸ்' கட்டளையில் ஐபிக்குப் பதில் பெயரைத் தட்டியிருந்தால் பெயர்தான் பிரச்சினை. 'ஃபால்ஸ்' என்றால் கதவு மூடியிருக்கிறது. பிங் பதில் தராததை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்துக்கொண்டே 445-ஐ விடவும் முடியும்.

கதவு மூடியிருந்தால் எதிர்முனையில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். சர்வீசஸ் ஜன்னலில் 'சர்வர்' என்ற சேவை ஓட வேண்டும். நெட்வொர்க் கார்டின் ப்ராப்பர்ட்டீஸில் 'ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்' டிக் ஆகியிருக்க வேண்டும். நெட்வொர்க் வகை 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்க வேண்டும். புது ரூட்டர் மாட்டியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காகப் பார்த்து 'பப்ளிக்' போட்டுவிடும். நேற்று வரை திறந்தது இன்று திறக்கவில்லை என்றால் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் திறக்காத ஒரு சமாச்சாரம் உண்டு. இரண்டு ஊர்களை விபிஎன் (இணையத்தின் வழியே பாதுகாப்பான தனி இணைப்பு) போட்டு இணைத்தவர்கள் கவனிக்க வேண்டியது இது. கம்பம் கடையில் 192.168.1 வரிசை, வண்டன்மேட்டில் 192.168.10 வரிசை. ஸ்டோருக்குள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்று நன்றாகத் திறக்கிறது. கடையிலிருந்து மட்டும் 53. இப்படி ஒரு முறை எனக்கு அரை நாள் போனது. ரூட்டர், விபிஎன் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் எதிர்முனை ஃபயர்வாலின் விதியைத் திறந்தேன். 'அட்வான்ஸ்டு செக்யூரிட்டி' ஜன்னல், 'இன்பவுண்ட் ரூல்ஸ்', அதில் 'ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்' குடும்பத்தில் எஸ்எம்பி-இன் என்ற வரி. பச்சை டிக் இருந்தது. இரட்டைக் கிளிக் செய்து 'ஸ்கோப்' தாவலுக்குப் போனால், 'ரிமோட் ஐபி அட்ரஸ்' கட்டத்தில் 'லோக்கல் சப்நெட்' என்று ஒரே ஒரு வரி. தன் வரிசையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கதவு. பிரைவேட் நெட்வொர்க்குக்கு விண்டோஸ் வைத்திருக்கும் இயல்பான அமைப்பே அதுதான். அதன் கீழே 'ஆட்' அழுத்தி 192.168.1.0/24 என்று கடையின் வரிசையைச் சேர்த்ததும் திறந்தது. 'எனி' என்று மாற்றிவிடாதீர்கள். கடையில் ஒரே கம்ப்யூட்டரிலிருந்துதான் வேலை என்றால் அந்த ஒரு ஐபியை மட்டும் சேர்ப்பது இன்னும் நல்லது.

விபிஎன் வழியாகப் போகும்போது கம்ப்யூட்டர் பெயர் பெரும்பாலும் எடுபடாது. ஒரே வரிசைக்குள் கூவிக் கூப்பிட்டுப் பெயரைக் கண்டுபிடிக்கும் முறை ரூட்டரைத் தாண்டாது. ஐபியையே பயன்படுத்துங்கள்.

67 வந்தால்: ஷேர் அங்கே இருக்கிறதா

எதிர்முனையில் இருப்பவரிடம் 'நெட் ஷேர்' என்று தட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பட்டியலில் சி$, அட்மின்$, ஐபிசி$ மூன்றும் வர வேண்டும். ஐபிசி$ மட்டும் இருந்து மற்றவை இல்லை என்றால் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

பார்க்க வேண்டிய இடம்: எச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட்கண்ட்ரோல்செட், சர்வீசஸ், லான்மேன்சர்வர், பாராமீட்டர்ஸ். அங்கே 'ஆட்டோஷேர்டபிள்யூகேஎஸ்' என்ற மதிப்பு 0 என்று இருந்தால் அதை அழித்துவிடுங்கள் அல்லது 1 ஆக்குங்கள். சர்வர் வகை விண்டோஸ் என்றால் பெயர் 'ஆட்டோஷேர்சர்வர்'. பிறகு 'சர்வர்' சேவையை நிறுத்தித் தொடங்கினால் ஷேர்கள் திரும்பி வரும். அந்த நேரத்தில் யாராவது நெட்வொர்க் வழியாகக் கணக்கு ஃபைலைத் திறந்து வைத்திருந்தால் அறுந்துவிடும், முதலில் மூடச் சொல்லுங்கள்.

அந்த மதிப்பே இல்லாமல் சி$ மட்டும் காணவில்லை என்றால் யாரோ கையால் ஷேரை நீக்கியிருக்கலாம். சேவையை மறுபடி தொடங்கினாலே வந்துவிடும். தானாக வந்து தானாக மறைகிறது என்றால் விடாதீர்கள். வைரஸ் சோதனை செய்த பிறகே மேலே போங்கள்.

1326, 86, 1327: ஆள் அடையாளம்

இதில் நான் அதிகம் பார்ப்பது பின் எண் குழப்பம். ஸ்டோர் கணக்காளர் தினமும் நாலு இலக்கம் போட்டுத்தான் உள்ளே போகிறார். பாஸ்வேர்ட் கேட்டால் அந்த நாலு இலக்கத்தைச் சொல்வார். பின் எண் அந்த ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான், நெட்வொர்க்கில் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் மின்னஞ்சலும் அதன் முழு பாஸ்வேர்டும் வேண்டும்.

பாஸ்வேர்டே இல்லாத கணக்கும் நெட்வொர்க் வழியாக உள்ளே வராது. வெற்றுப் பாஸ்வேர்டை நேரடி லாகினுக்கு மட்டும் அனுமதிக்கும் விதி விண்டோஸில் இயல்பாகவே ஓடுகிறது. 1327 என்ற எண் இதைத்தான் சொல்லும். அந்த விதியைத் தளர்த்தாதீர்கள், பாஸ்வேர்ட் வையுங்கள்.

என் வழி, பராமரிப்புக்கென்றே எதிர்முனையில் தனியாக ஒரு லோக்கல் கணக்கு. அட்மினாகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில்:

நெட் யூசர் சப்போர்ட் * /ஆட்
நெட் லோக்கல்குரூப் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் சப்போர்ட் /ஆட்

இப்படிச் செய்தால் கணக்காளர் தன் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவர் பாஸ்வேர்டை மாற்றினாலும் நம் வேலை நிற்காது.

1219 வந்தால் அதே கம்ப்யூட்டருக்கு வேறு கணக்கில் ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது. ஒரே கம்ப்யூட்டருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கணக்குகளில் போக விண்டோஸ் விடாது. 'நெட் யூஸ்' என்று மட்டும் தட்டினால் பட்டியல் தெரியும். குறிப்பிட்டதை /டெலீட் சேர்த்து அறுக்கலாம். கண்ட்ரோல் பேனலின் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' பகுதியில் பழைய பாஸ்வேர்ட் சேமித்திருந்தால் அதையும் நீக்குங்கள்.

5 வந்தால்: அட்மின்தான், ஆனாலும் விடவில்லை

எல்லோரையும் அதிகம் அலைக்கழிப்பது இந்த எண்தான். போன ஜூலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது வண்டன்மேட்டு ஸ்டோரில் இப்படித்தான். புதுக் கம்ப்யூட்டர் வைத்த மறுநாள். போனில் அங்கே கணக்குப் பார்க்கும் பெண்.

"அண்ணே, சப்போர்ட் அட்மின் லிஸ்ட்ல இருக்குண்ணே. நானே ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"சரிம்மா, பாஸ்வேர்ட் தப்பில்ல. வேற இடத்துல நிக்குது. லைன்லயே இரு."

பாஸ்வேர்ட் தப்பில்லை என்று எப்படித் தெரிந்தது? சி$ என்ற இடத்தில் ஐபிசி$ போட்டு அதே 'நெட் யூஸ்' கட்டளையைத் தட்டினேன். அது வெற்றி. உடனே சி$ போட்டால் 5. ஐபிசி வாசலுக்குச் சரியான கணக்கு இருந்தால் போதும். சி$-க்கு அட்மின் அதிகாரம் வேண்டும். ஆக, ஆளை அடையாளம் தெரிந்துகொண்டது, அதிகாரத்தைத்தான் கொடுக்கவில்லை. இந்த இரண்டு வரிச் சோதனையை மனதில் வைத்துக்கொண்டால் பல மணி நேரம் மிச்சம்.

காரணம் இதுதான். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து வந்த யூஏசி என்ற பாதுகாப்பு ஏற்பாடு, லோக்கல் அட்மின் கணக்கு நெட்வொர்க் வழியாக வரும்போது அதன் அட்மின் அதிகாரத்தைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பயனராகத்தான் உள்ளே விடும். நேரில் உட்கார்ந்தால் 'யெஸ்' அழுத்தி அதிகாரம் வாங்கலாம். நெட்வொர்க்கில் அப்படிக் கேட்க வழியில்லை. நிறுவனத்தின் மையச் சர்வரில் வைக்கும் டொமைன் கணக்குகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. விண்டோஸோடு பிறக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கும் இயல்பில் இல்லை. எக்ஸ்பியில் திறந்த சி$ அப்புறம் வந்த விண்டோஸ்களில் திறக்காமல் போனது இதனால்தான்.

தளர்த்தும் இடம் எதிர்முனையின் ரெஜிஸ்ட்ரியில்: எச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், பாலிசீஸ், சிஸ்டம். அங்கே 32 பிட் டிவேர்ட் ஒன்றை உருவாக்கி, 'லோக்கல் அக்கவுண்ட் டோக்கன் ஃபில்டர் பாலிசி' என்று ஐந்து சொற்களையும் இடைவெளியில்லாமல் சேர்த்துப் பெயர் வைத்து, மதிப்பு 1 கொடுங்கள். அந்தப் பெண்ணுக்கு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, தட்டியதைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். ஓர் எழுத்து பிசகினாலும் விண்டோஸ் எந்தக் குறையும் சொல்லாது, சும்மா வேலை செய்யாது.

மாற்றிய பிறகும் 5 வந்தால் பயப்பட வேண்டாம். பழைய இணைப்பு பழைய அதிகாரத்தோடேயே ஒட்டிக்கொண்டிருக்கும். 'நெட் யூஸ் * /டெலீட்' கொடுத்து எல்லாவற்றையும் அறுத்துவிட்டு மறுபடி இணையுங்கள். அன்று அங்கே அப்படித்தான் திறந்தது. ஏல பில்களின் பேக்கப் ஃபோல்டர் என் திரையில் வந்ததும், மலையேற எடுத்து வைத்திருந்த மழைக்கோட்டை மடித்து வைத்தேன்.

சி$ திறந்து, உள்ளே ஒரு ஃபோல்டர் மட்டும் மறுத்தால் அது வேறு கதை. அந்த ஃபோல்டரின் 'செக்யூரிட்டி' தாவலில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் பிடி கொடுக்காவிட்டால்

எதிர்முனையின் ஈவென்ட் வியூவரில், செக்யூரிட்டி பதிவில் 4625 என்ற நிகழ்வைத் தேடுங்கள். தோற்றுப்போன லாகின் அதில் பதிவாகும். எதுவும் இல்லை என்றால் லாகின் தோல்விகளைப் பதிவு செய்யும் ஆடிட் அமைப்பை முதலில் இயக்க வேண்டும். அந்தப் பதிவில் 'சப் ஸ்டேட்டஸ்' என்று நீளமான ஒரு குறியீடு இருக்கும். கடைசி நான்கு இடங்களைப் பாருங்கள். 0064 என்றால் அப்படி ஒரு கணக்கே இல்லை. 006ஏ என்றால் பாஸ்வேர்ட் தவறு. 0072 என்றால் கணக்கு முடக்கம். 0234 என்றால் (இது 'ஸ்டேட்டஸ்' வரியிலும் வரலாம்) தவறான முயற்சிகளால் பூட்டப்பட்டது. 015பி என்பதைச் 'ஸ்டேட்டஸ்' வரியில் பார்த்தால் நெட்வொர்க் வழி வர அந்தக் கணக்குக்கு உரிமை இல்லை. லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் 'டினை ஆக்சஸ் டு திஸ் கம்ப்யூட்டர் ஃப்ரம் த நெட்வொர்க்' பட்டியலில் லோக்கல் கணக்குகள் சேர்ந்திருக்கலாம். பெரிய நிறுவனங்களில் அதைத் தெரிந்தே போடுவார்கள். அங்கே ஐடி ஆட்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

இன்னொன்று, புதிது. ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஏற்றி, அந்த டிஸ்க்கை நகலெடுத்துப் பத்துக் கம்ப்யூட்டர்களுக்குப் போடும் பழக்கம் எங்கள் பக்கத்திலும் உண்டு. அப்படிச் செய்தால் எல்லாவற்றுக்கும் ஒரே எஸ்ஐடி, அதாவது ஒரே உள் அடையாள எண். முன்பு இது கண்டுகொள்ளப்படாமல் ஓடியது. 2025 ஆகஸ்ட் கடைசியிலிருந்து வந்த விண்டோஸ் 11 அப்டேட்கள், 24எச்2, 25எச்2 என்ற பதிப்புகள் இரண்டிலும், இதைச் சோதித்து மறுக்கின்றன. பாஸ்வேர்ட் சரியாக இருந்தும், அப்டேட்டுக்குப் பின் நகல் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று உள்ளே விடாவிட்டால் இதைச் சந்தேகியுங்கள். பவர்ஷெல்லில் 'கெட்-லோக்கல்யூசர்' பட்டியலில் எஸ்ஐடியையும் காட்டச் சொல்லி இரண்டு கம்ப்யூட்டர்களை ஒப்பிடலாம். கடைசிப் பகுதியை விட்டு முன்பகுதி ஒன்றாக இருந்தால் அதுதான். நிரந்தரத் தீர்வு, நகலெடுப்பதற்கு முன் விண்டோஸின் சிஸ்ப்ரெப் கருவியை ஓட்டி முறையாக ஏற்றுவது. கஷ்டமான வேலைதான், ஆனால் குறுக்கு வழி தேட வேண்டாம்.

வேலை முடிந்ததும்

சி டாலரைத் திறந்து வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2008-இல் பரவிய கான்ஃபிக்கர் புழு, எளிதான பாஸ்வேர்ட்களை ஊகித்து அட்மின்$ வழியாகவும் அடுத்தடுத்த கம்ப்யூட்டருக்குத் தாவியது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாசகார நிரல், ஒரு கம்ப்யூட்டரில் திருடிய அட்மின் அடையாளத்தை வைத்து மற்றவற்றுக்குள் புகுந்தது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே சப்போர்ட் பாஸ்வேர்ட் வைத்தால் நாமே அந்த வழியைப் போட்டுக் கொடுக்கிறோம். அதனால் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வேறு பாஸ்வேர்ட், நீளமாக. நான் ஒரு நோட்டில் எழுதிக் கடை முதலாளியின் பெட்டியில் பூட்டி வைக்கச் சொல்கிறேன். டொமைன் இருக்கும் இடத்தில் விண்டோஸ் லாப்ஸ் என்ற பாஸ்வேர்ட் நிர்வாக வசதி இதைத் தானே செய்யும். 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே வருகிறது.

ரூட்டரில் 445-ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள், ஒரு மணி நேரத்துக்குக்கூட. வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றால் விபிஎன் மட்டுமே.

ரெஜிஸ்ட்ரியில் நாம் உருவாக்கிய டோக்கன் மதிப்பு 1 என்று இருப்பது அடிக்கடி தேவைப்படாவிட்டால், வேலை முடிந்ததும் 0 ஆக்கிவிடுங்கள். சப்போர்ட் கணக்கை 'நெட் யூசர் சப்போர்ட் /ஆக்டிவ்:நோ' என்று முடக்கி வைத்து, தேவைப்படும் நாளில் ஸ்டோரில் இருப்பவரிடம் போன் போட்டு /ஆக்டிவ்:யெஸ் கொடுக்கச் சொல்லலாம். வண்டன்மேட்டில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. நான் கூப்பிடும்போது அந்தப் பெண் இயக்குகிறார், வேலை முடிந்து 'நெட் யூஸ்' பட்டியல் காலியானதும் சொல்கிறேன், அவரே முடக்கிவிடுகிறார்.